தாளிப்புக்குத் தடை

முட்டைகள் திரும்பி வந்திருந்தன. தட்டுக் கழுவுகிற இடத்து வாளியில், பல்லுப் பட்ட தடம்கூட இல்லாமல், மேலே தூவிய மிளகோடு முழுசு முழுசாகக் கிடந்தன.

பாண்டிமீனாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. நாரணாபுரம் போகிற சாலையில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள் அவள். அவள் தாளிக்கிற வாசனை டீக்கடை வரைக்கும் போகும் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லாத நாட்களில் அவளே சொல்வாள்.

"யாரு சார் இப்படிப் பண்ணது?"

"புதுசா வந்த பிள்ளைகதேன்," என்றார் தலைமையாசிரியர் ரத்தினசாமி.

மல்லாங்கிணறு பக்கம் ஒரு கிராமத்தில் மழை பொய்த்து, மக்காச்சோளம் கருகி, கிணறும் வற்றிப்போனதில் பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பட்டாசுக் கம்பெனியின் லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தன. தாய்மார்கள் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். நடுவில் பிள்ளைகளின் வயிற்றுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துச் சோறுதான் கதி.

"பிள்ளைக இங்கன ஒட்டலைன்னா சொந்தக்காரங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பிருவோம்னு சொல்றாக. அங்கன போனா படிப்பு அம்புட்டுதேன்," என்றார் ரத்தினசாமி.

பாண்டிமீனாவுக்குப் பகீரென்றது. அவளும் சின்ன வயதில் மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் வந்தவள்தான். பசித்த பிள்ளையைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது.

"நாளைக்குப் பாருங்க சார். தட்டை நக்க வைக்கிறேன்."

மறுநாள் பூண்டு தட்டிப் போட்டு, கறிவேப்பிலையை உருவிப் போட்டு, பெருங்காயம் மணக்க மணக்கத் தாளித்தாள். அதுவரை டிபன் பாக்ஸ் கொண்டுவந்த உள்ளூர்ப் பிள்ளைகள்கூடத் தட்டோடு ஓடி வந்தார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகளோ மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

விடுவாளா? அடுத்த நாள் முட்டையை மசாலாவில் பிரட்டினாள். சொந்தக் காசில் அப்பளம் வாங்கிப் பொரித்தாள். எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்டதுமே ரோஜா என்கிற சின்னப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓட்டமெடுத்தாள்.

"அப்பளத்தைக் கண்டு ஓடுற பிள்ளையை இப்பத்தேன் சார் பார்க்கேன்!"

அன்று சாயங்காலமே லைன் வீட்டுக்குப் போனாள். ரோஜாவின் அம்மா வள்ளித்தாய் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கையில் அப்பியிருந்த பட்டாசு மருந்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மதினி, என் சமையல் அம்புட்டு மோசமாவா இருக்கு?"

"ஆத்தாடி! அப்படிச் சொல்லாதீக. எங்க ஊர்ல மாரியாத்தாளுக்குப் பொங்கல் சாட்டிக் காப்புக் கட்டியிருக்கு. காப்பு அவுக்குற வரைக்கும் தாளிக்கப்பிடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கப்பிடாது, முட்டை ஆகாது. எந்த ஊர்ல பொழைச்சாலும் எங்களுக்கு அதுதேன் கட்டு."

"அட, இதைப் பிள்ளைக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வந்த எடத்துல வாயைத் தொறக்கப்பிடாதுன்னு நாந்தேன் அதட்டி வச்சிருந்தேன்."

பாண்டிமீனா தலையில் அடித்துக்கொண்டாள். விரதப் பிள்ளைகளின் மூக்குக்கு நேரே அல்லவா பெருங்காயம் தாளித்திருக்கிறாள்!

மறுநாளே தாளிப்பு நின்றது. வேக வைத்த பருப்பு, வேக வைத்த காய், உப்பு. முட்டைக்குப் பதில் வாழைப்பழம். லைன் வீட்டுப் பிள்ளைகள் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் ஆளுக்கு இன்னொரு கரண்டி அள்ளி வைத்தாள்.

உள்ளூர் விக்னேஷ்குமாருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. "என்ன அத்தை, காய்ச்சக்காரனுக்கு ஆக்குன மாதிரி இருக்கு?"

"ரெண்டு சட்டி வைப்போமா சார்?" என்று பாண்டிமீனா கேட்டாள்.

"ஒரே பந்தியில ரெண்டு சோறா? கூடவே கூடாது. கொஞ்ச நாளைக்கு எல்லாரும் பொறுத்துக்கிடுவோம்," என்றார் ரத்தினசாமி.

இப்படிப் பெருந்தன்மையாகப் பேசிய மனுசர், மறுநாள் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நின்று உளுந்தவடை தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "மாத்திரை போடணும்ல, அதுக்குத்தேன்," என்றார் வாய் நிறைய வடையோடு.

முணுமுணுத்த உள்ளூர்ப் பிள்ளைகளைப் பாண்டிமீனா ஒரே அதட்டாக அதட்டினாள். "ஏலே, சாமி காரியம்லே! பேசாமத் தின்னுங்க."

நாட்கள் போயின. காப்பு எப்போது அவிழும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அடுத்த ஊர் ஆத்தாள் எப்போ கிளம்புவாள் என்று கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? தெய்வக் குத்தம் நமக்கெதற்கு என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் வினை வந்தது. லைன் வீட்டுப் பிள்ளைகளின் தட்டில் மறுபடியும் சோறு மிஞ்சியது.

எங்கேயோ கட்டு மீறிவிட்டோம் என்று பயந்துபோய் வெங்காயத்தை நிறுத்தினாள். இன்னும் மிஞ்சியது. பூண்டை நிறுத்தினாள். மஞ்சள்பொடியையும் நிறுத்தினாள். சாம்பார் என்று ஊற்றியது வெந்நீர் மாதிரி இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் பழையபடி டிபன் பாக்ஸுக்குப் போனார்கள். ரத்தினசாமி மறைவிடம் எதுவும் தேடாமல் மேசையிலேயே வைத்து வடை தின்றார்.

"வள்ளித்தாய் தன் பொண்ணை ஊருக்கே அனுப்பிரலாமான்னு யோசிக்காளாம். பிள்ளை எளைச்சுப் போச்சாம்," என்றார்.

அதற்குமேல் பாண்டிமீனாவால் பொறுக்க முடியவில்லை. தட்டைக் கிண்டிக்கொண்டிருந்த ரோஜாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏத்தா, உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னும் என்ன ஆகாதுன்னு சொல்லிரு. வேணும்னா உப்பையும் நிறுத்திர்றேன்."

உப்பு என்றதும் ரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாண்டிமீனாவின் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"அத்தை, எங்க ஊர்க் காப்பை அவுத்து எம்புட்டோ நாளாச்சு. உங்க ஊர்க் காப்பை எப்ப அவுப்பீக?"