படையினர் பூட்ஸ் பெற்ற படலம்

வாழி! ஆறு சக்கர லாரியை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்பும் திண்தோளினள், எதிரே எருமையே படுத்துக் கிடந்தாலும் ஹாரன் அடியாது காத்திருக்கும் பெரும்பொறையினள், முகாமின் ஓட்டுநர்த் திலகம் வாழி! கிளட்சை மிதித்து மிதித்து அடித்தோல் பிரிந்து, முதலைபோல் வாய் பிளந்துவிட்ட அவளது இடது பூட்ஸும் வாழி! அந்த வாயை அடைக்க அவள் புரிந்த போரைச் சொல்லுவதே நம் வேலை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அணிவகுப்புச் சோதனை. பிய்ந்த பூட்ஸோடு நிற்பவருக்கு விடுப்பு ரத்து. அவளோ எட்டு மணி ரயிலைப் பிடித்து, தலைப்பிரசவத்துக்கு நாள் குறிக்கப்பட்ட தன் அக்காளிடம் போய்ச் சேர வேண்டியவள். "நீ வராம நான் ஆஸ்பத்திரிக்குள்ள காலே வைக்க மாட்டேன்டி" என்று அக்காள் போனில் சபதமே செய்திருந்தாள். கிடங்கு மூடுவது மாலை நான்கு மணிக்கு. அவள் காலுக்கான ஆறாம் எண் பூட்ஸோ ஒரே ஒரு பெட்டிதான் மீதி. ஆகவே மூன்றரை மணிக்கு, நடைக்கு நடை பூட்ஸ் வாய் தாளம் போட, நம் தலைவி கிடங்கின் வாயிலை முற்றுகையிட்டாள்.

அங்கே, மரத்தடுப்பை மதிலாகவும் பேரேட்டைக் கேடயமாகவும் காதிடுக்குப் பேனாவை வேலாகவும் கொண்டு, அச்சிட்டதற்கு அப்பால் அரை அங்குலமும் நகரேன் என்று விரதம் பூண்டு வீற்றிருந்தார் கிடங்குக்காரர். பேரேட்டைப் புரட்டினார். 'படைவீரன் கையொப்பம்' என்ற கட்டத்தின்மேல் விரலை ஊன்றினார்.

"இதுல வீரன்னு போட்டிருக்கும்மா. நீங்க எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

அம்முகாமுக்கு வந்து சேர்ந்த முதல் பெண் அவள். வந்து மூன்று மாதமே ஆகிறது. இப்படியொரு மதில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"அப்ப நான் எதுல போடுறது, அண்ணே?"

"வீரனின் மனைவின்னு ஒரு படிவம் இருக்கு. தரவா?"

"அதுல பூட்ஸ் உண்டா?"

"போர்வை உண்டு."

"எனக்குக் கல்யாணமே ஆகலைண்ணே!"

"அப்ப போர்வையும் கிடையாது."

சினந்தாள் தலைவி. அச்சினம் கண்டு அலமாரிகள் நடுங்கின என்று எழுத ஆசைதான். வெளியே லாரி போனதால் நடுங்கின. "அந்தப் பெட்டிய மலையேத்திக் கொண்டுவந்து இறக்குனதே நான்தான்!" என்று அவள் முழங்கினாள். "நான் இல்லைன்னேனா? ஏடு சொல்லுதும்மா" என்று கிடங்குக்காரர் கேடயத்தை உயர்த்தினார். கடிகார முள்ளோ எவர் பக்கமும் சேராமல் நான்கை நோக்கி நடந்தது.

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது, அவரது டீ கிளாசுக்கு அடியில், வட்டவட்டமாய்க் கறை சுமந்து கிடந்த ஒரு காகிதம். தலைமையகத்தின் முத்திரை! கிளாசைத் தூக்கினாள், காகிதத்தை உருவினாள், கிடங்கு அதிரப் படித்தாள்:

"இனி எல்லா ஏடுகளிலும் 'படையினர்' என்றே எழுதுக. படையினர் எனில் படையில் பணிபுரியும் ஆணும் பெண்ணும். துப்பாக்கி ஏந்துவோர் மட்டுமல்லர். ஓட்டுநர், சமையற்காரர், முடிதிருத்துநர் யாவரும் அதில் அடங்குவர்."

அச்சிட்டதைக் கண்டால் அடிபணிவதும் அவரது விரதத்தில் அடக்கமாதலால், கிடங்குக்காரர் சிவப்பு மையெடுத்து, 'படைவீரன்' என்பதை அடித்து, 'படையினர்' என்று எழுதி ஊதிக் காயவைத்தார். வெற்றி! பெட்டி தடுப்பின்மேல் வந்து அமர்ந்தது. அக்காளின் கட்டிலருகே தான் நிற்பதையே அவள் பார்த்துவிட்டாள்.

அந்நேரம் மூலை பெஞ்சிலிருந்து ஓர் இருமல் எழுந்தது. இருமலுக்குப் பின்னால் முகாமின் முடிதிருத்துநர் எழுந்தார். தளபதி முதல் தண்ணீர்க்காரர் வரை அத்தனை தலைகளையும் குனியவைத்த மாவீரர். ஆயினும் 'கத்திரிக்கோல் பிடிக்கிறவர் வீரன் ஆவாரா?' என்று இதே தடுப்பில் ஆறு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். இடது காலை ஊன்றி நாற்காலியைச் சுற்றிச் சுற்றியே அவரது இடது பூட்ஸ் முன்புறம் கிழிந்து, பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"அந்தச் சொல்லுல நானும் இருக்கேன்ல?" என்றார் அவர், மெதுவாக. "எனக்கும் ஆறாம் நம்பர்தான். மத்தியானத்துலேருந்து உட்கார்ந்திருக்கேன்."

தலைவி இல்லை என்று சொல்லிவிடலாம்; ஆனால் சற்றுமுன் அத்தனை சத்தமாகப் படித்தது அவள் வாயேதான். ரயில் கண்ணெதிரே புகைவிட்டுக் கிளம்பியது.

"அண்ணன்தான் முதல்ல வந்தாரு. அவருக்கே குடுங்க."

முடிதிருத்துநர் அவளது பூட்ஸின் வாயைப் பார்த்தார். தம் பெருவிரலைப் பார்த்தார். பெட்டியைத் தொடக் கை வரவில்லை. இரு மாபெரும் சேனைகள் ஒன்றையொன்று "நீங்க எடுத்துக்குங்க", "இல்ல, நீங்க" என்று தாக்கிக்கொள்ள, மணி நான்கடிக்க ஒரு நிமிடமே இருக்க, பொறுமையிழந்த கிடங்குக்காரர், மூவுலகும் மூச்சடக்கி நோக்க, அந்தப் பெட்டியின் மூடியைத் தாமே திறந்தார்.

உள்ளே இருந்த இரண்டுமே இடது கால் பூட்ஸ், அதனால் ஆளுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.