வெற்றி: மாறியவர் எவருமிலர்

கிள்ளான் உயிர்நிலைப் பதிவு அலுவலகத்தின் ஆவணப்படி, காப்பார் ஊர் லோரி ஓட்டுநர் நாகையா காலமாகிவிட்டார். பக்கத்து ஊரான மேருவில் அதே பெயருள்ள ஒருவர் இறந்தபோது, கைதவறி இவர் பெயருக்கு நேரே குறித்துவிட்டார்கள். இறந்தவர் லைசென்ஸ் புதுப்பிக்க விதியில் இடமில்லை. எனவே லோரி வீட்டு வாசலில் நின்றது. நாகையா கவுண்டர் முன்னால் நின்றார்.

அன்று ஆறாவது முறை. கவுண்டரில் இருந்த ரமணி அவருடைய அடையாள அட்டையான ஐசியின் நம்பரைத் தட்டி, 'உயிருடன்' என்று போட்டு அழுத்தினாள். திரையில் பச்சையாக, மலாயில் 'பெர்ஜாயா' என்று வந்தது.

"வெற்றி, அங்கிள்! நீங்க உயிரோட இருக்கீங்க."

"இதையேதான் அஞ்சு தடவையும் சொன்னே. லைசென்ஸ் ஆபீசுக்குப் போனா செத்துத்தான் கிடக்கேன்லா!"

சத்தம் கேட்டுக் கணினிப் பிரிவு மலர்விழி வந்தாள். தட்டிப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

"உள்ள நம்பர் நடுவுல சின்னக் கோடு போட்டு இருக்கு. நாம கோடு இல்லாம தேடுறோம். அப்படி யாருமே இல்லாததால கம்ப்யூட்டர் ஒருத்தரையும் மாத்தல. ஆனா தப்பு ஒண்ணும் நடக்கலையே, அதனால வெற்றிங்குது. எத்தனை பேர் மாறினாங்கன்னு நாம கேட்டதே இல்ல."

தலைமை அதிகாரி பரமேஸ்வரன் டை சகிதம் எழுந்தருளினார்.

"தப்பு வந்துச்சா?"

"இல்ல சார். ஆனா மாறினது பூஜ்யம்."

"போன வருஷம் நாற்பதாயிரம் திருத்தம், நூற்றுக்கு நூறு வெற்றின்னு கேடயம் வாங்கியிருக்கோம். இப்பப் போய் எத்தனை பேர் மாறினாங்கன்னு கேட்டா அந்தக் கேடயத்தை என்ன பண்றது?"

"என்னை என்ன பண்றது, பாஸ்?" என்றார் நாகையா.

"அந்தச் சின்னக் கோட்டைச் சரிபண்ண ரெண்டு மணி நேரம் போதும் சார்" என்றாள் மலர்விழி.

"கோட்டுக்குக் கமிட்டி கூட்டணும். மூணு மாசம். நம்பரைத் தேடுறதாலதானே ஆள் கிடைக்கல? தேடாம மாத்தச் சொல்லு."

"சார், அப்புறம் எல்லாரும்..."

"எழுத்து மூலமாகவே தர்றேன்."

தந்தார், முத்திரையுடன். மலர்விழி கீழ்ப்படிந்தாள். ரமணி அழுத்தினாள். 'பெர்ஜாயா. மாறியவர்கள்: 3,148,902.' பரமேஸ்வரன் கண் கலங்கினார். அவர் பணிக்காலத்தில் இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டதில்லை. இறந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள் என்று மலர்விழி முனகியதை அவர் சாதனைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். நாகையாவுக்கு அன்று மாலையே லைசென்ஸ் கிடைத்தது.

மறுநாள் காலை லோகேஸ்வரி என்றொரு பெண்மணி, கணவரின் மரணத்தைப் பதிய வந்தாள். ரமணி மரியாதையாக நாற்காலி போட்டாள். 'காலமானார்' என்று போட்டு அழுத்தினாள். பெர்ஜாயா. மாறியவர்கள்: அதே 3,148,902.

அந்த நேரம் நாகையா செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் உற்சாகமாக விசில் அடித்துக்கொண்டு வந்தார். காப்பார் சாலையில் போலீஸ் மறித்தது. இம்ரான் என்ற போலீஸ்காரர் ஐசியை வாங்கிக் கருவியில் தட்டினார்.

"அண்ணே, நீங்க செத்துட்டீங்களே?"

நாகையா ஸ்டியரிங்கில் தலை சாய்த்தார். மலர்விழி பாதியில் விட்ட பேச்சு அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது.

"நேத்துதான் பொழைச்சேன், பாஸ். எதுக்கும் உங்க நம்பரையும் போட்டுப் பாருங்களேன்."

இம்ரான் போட்டார். முகம் வெளுத்தது. கருவியைத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார். கையிலிருந்த, அபராதம் எழுதும் சம்மன் புத்தகத்தை மெல்ல மூடினார்.

"இப்ப யாருண்ணே யாருக்கு எழுதுறது?"

பின்னால் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் காலமானவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.