கோப்பையைக் கட்டிக்கொண்ட இச்சி மரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் என் இடது முழங்காலும் நலம். வலது முழங்கால் வழக்கம்போல. அங்கே நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாற்றலாகிப் போன புது அலுவலகத்தில் ஜன்னல் ஓரமாக நாற்காலி கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய், மிகவும் சந்தோஷம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு வருடம் தொடர்ந்து ஜெயித்த உங்கள் கேரம் அணி, இந்த வருடம் குடிநீர் அலுவலகத்தாரிடம் தோற்றது பற்றி எனக்கு உண்மையிலேயே வருத்தம். தோற்றவர்கள் சுழற்கோப்பையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு விதி இருப்பது அதைவிடப் பெரிய வருத்தம். "அத்தான், அக்காகிட்ட குடுத்து வெச்ச கோப்பைய பன்னிரண்டாம் தேதிக்குள்ள அனுப்பிடுங்க. இல்லேன்னா நானே அதை உருக்கிட்டேன்னு அந்த ஸ்ட்ரைக்கர் ஆபீஸ் ஆபீஸா போய்ச் சொல்லுவான்" என்று எழுதியிருக்கிறாய். எதிரணித் தலைவருக்கு நீங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரே அவர் எப்பேர்ப்பட்டவர் என்று சொல்கிறது. உன் மானக் கவலை எனக்குப் புரிகிறது. அதனால்தான் உட்கார்ந்துகொண்டு படி என்கிறேன். கோப்பை பத்திரமாக இருக்கிறது. எந்த வங்கிப் பெட்டகத்திலும் ஒரு கோப்பை இவ்வளவு பத்திரமாக இருந்திருக்காது. ஒரே ஒரு சிக்கல்தான். அதை ஒரு மரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. விட மாட்டேன் என்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, ஒரு நாள் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன் அல்லவா, வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் உள்ள எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் போட்டுவிட்டேன், இரண்டாவது வாரம் எண்ணெய் போட்ட கீல்களைக் கழற்றித் துடைத்தேன், மூன்றாவது வாரம் உன் அக்கா சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பின் குமிழைச் சரிபார்க்கக் கழற்றினேன். "தயவுசெஞ்சு வெளிய போய் எதையாவது ரிப்பேர் பண்ணுங்க" என்று அவள் கும்பிட்டாள். அப்படிப் போனபோது நூலகத்து மாடிக் கூடத்தில் போன்சாய்ச் சங்கத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. விசிறி நன்றாக ஓடியதால் உட்கார்ந்தேன். என் தலையெழுத்து அங்கே மாறியது.

அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தபால்காரர், இப்போது இல்லை. இன்னொருவர் பல் டாக்டர் அம்மா, இன்றும் வெள்ளைக் கோட்டோடுதான் கூட்டத்துக்கு வருகிறார். அந்தக் காலத்தில் போன்சாய் வளர்ப்பவர்கள் புத்தகத்தில் இருக்கிறதே என்று பனிநாட்டு மரங்களையே வாங்கி வைத்து, நம் வெயிலில் அவை ஒவ்வொன்றாகக் கருகுவதைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்களாம். தபால்காரர் மட்டும் தெருத்தெருவாகப் போகிறவர், சுவர் வெடிப்பிலும் மழைநீர்க் குழாயிலும் பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் இச்சிக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டே போனார். இச்சி என்றால் உனக்குத் தெரியும், இன்னொரு மரத்தின் மேல் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, அந்த மரத்தையே சுற்றி நெரித்து நிற்கிற அத்திச் சாதி. கொல்ல நினைத்தாலும் சாகாத செடி நம் குழாயில் முளைக்கும்போது சாகப் போகிற செடியை ஏன் வளர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நாள் கடைவாய்ப் பல் வலியோடு டாக்டர் அம்மாவிடம் போனார், சட்டைப் பையில் ஒரு கன்று. பல்லைப் பிடுங்கிய மும்முரத்தில் அந்தக் கன்றை மேஜையில் கிடந்த சுண்ணாம்புப் பல் அச்சின் மேல் வைத்துவிட்டு இரண்டு பேருமே மறந்துபோனார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேர் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாடை இன்றும் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, தாடையின் மேல் ஒரு ஜாண் உயரத்துக்கு மரம். அதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது மாப்பிள்ளை. வேர் இறங்கியிருந்த விதம் லிஃப்ட் கம்பிவடம் போலவே இருந்தது. வாழ்நாள் முழுக்க வடத்தையே பார்த்தவனுக்கு, தானாக வளருகிற வடம் என்றால் எப்படி இருக்கும் சொல்.

சங்கத்துக்கு ஒரே ஒரு விதி, தபால்காரர் தன் கையால் எழுதிச் சுவரில் மாட்டியது. மரம் எதைப் பிடித்து வளருகிறதோ அந்தப் பொருள் விலைக்கு வாங்கியதாக இருக்கக் கூடாது, வீட்டில் சும்மா கிடந்ததாக இருக்க வேண்டும். கண்காட்சியில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு அட்டை வைப்பார்கள், அதில் இரண்டே வரி: வளர்ப்பவர், தாங்குவது. ஒருவர் பழைய இஸ்திரிப் பெட்டி என்று எழுதுவார், ஒருவர் ஓடாத கடிகாரம் என்று எழுதுவார். நானும் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினேன். எங்கள் வீட்டில் ஒன்றும் சும்மா கிடப்பதில்லை, எல்லாவற்றையும் நான் சரிசெய்துவிடுவேன், அதுதான் தொல்லை. கடைசியில் படுக்கையறை அலமாரியின் மேல், பெட்டிக்குப் பின்னால், தூசியோடு ஒரு கோப்பை. கறுத்துப்போயிருந்தது. எழுத்துகளில் முதல் பரிசு என்பது மட்டும் தெரிந்தது. உன் அறைத் தோழர்கள் அதில் ஷேவிங் தண்ணீர் வைக்கிறார்கள் என்று நீ இங்கே கொண்டுவந்து கொடுத்த அன்று நான் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் வேலையில் இருந்தேன், ஆகவே உன் கோப்பையை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வீட்டுக்குள் ஒரு முதல் பரிசு வேறு எப்படி வந்துவிடும்? உன்னுடையதுதான் என்று புரிந்துகொண்டேன். நீங்களோ வருடா வருடம் ஜெயிக்கிறீர்கள், கேட்பார் யாரும் இல்லை, பத்திரமாக வைத்திருங்கள் என்றுதான் சொன்னாயாம், வேரைவிடப் பத்திரமான பிடி எது?

கோப்பையை ஒரு மண் தட்டில் நிறுத்தி, அதன் வாயில் கன்றை உட்காரவைத்து, வேர்களைச் சீவிவிட்டு, இரண்டு கைப்பிடிகளுக்குள்ளும் விட்டு இறக்கி, ஈரத்துணியும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் சுற்றினேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மேலிருந்து ஒரு விரற்கடை மட்டும் பிரிக்க வேண்டும். அப்போதுதான் வேர் கீழே மண்ணைத் தேடிக்கொண்டு இறங்கும். காற்றில் ஈரம் வேண்டும் என்று குளியலறை முக்காலியில் வைத்தேன். ஏழு மாதம் நாங்கள் மரத்தின் முன்னால்தான் குளித்தோம், உன் அக்கா முதலில் அதற்கு முதுகைக் காட்டிக் குளித்தாள், பிறகு பழகிவிட்டது. கிளையிலிருந்து தொங்கும் விழுதுகள் காய்ந்துவிடாமல் இருக்க அவற்றை ஸ்ட்ராவுக்குள் விட்டு இறக்குவது டாக்டர் அம்மா கண்டுபிடித்த வழி, அதற்காகத் தினமும் பழச்சாற்றுக் கடைக்குப் போனேன். "சார், ஒரு ஜூஸுக்கு எட்டு ஸ்ட்ரா எதுக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். "குளியலறையில ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தனி டம்ளர்.

மூன்று வருடத்தில் அது வளர்ந்த அழகை நீ பார்க்க வேண்டும். வேர்கள் கோப்பையைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டி, எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் பின்னிவிட்டன. ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கோப்பை தெரியும். அந்த இடத்தை உன் அக்கா அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறாள். நான் வெளியே போகும் நாட்களில் தண்ணீரும் அவள்தான். அவளுக்கே மரத்தின் மேல் ஆசை வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை. இந்த வருடக் கண்காட்சியில் வாசல் மேஜைக்கு, அதாவது தாடைக்குப் பக்கத்தில், என் மரத்தைத்தான் வைப்பதாக டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். கண்காட்சி பன்னிரண்டாம் தேதி. அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வருகிறது.

உன் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு, "ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம், இது எனக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ள விஷயம்" என்றேன். "சரி" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே ஏதோ சத்தம் கேட்டது, இருமல் என்று நினைத்துக்கொண்டேன். சோப்பு போட்டுப் பார்த்தேன், எண்ணெய் விட்டுப் பார்த்தேன், விரலில் மாட்டிய மோதிரத்தை நூல் சுற்றிக் கழற்றுவார்களே, அதையும் செய்து பார்த்தேன். நூலும் உள்ளே மாட்டிக்கொண்டது. புதன்கிழமை டாக்டர் அம்மா வந்து, பல் பார்க்கும் கண்ணாடியையும் நெற்றி விளக்கையும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். மரத்தையே வாயைத் திறக்கச் சொல்வார் போலிருந்தது.

"எடுக்கலாம் சார். பிரதான வேர் ரெண்டையும் அறுக்கணும். கோப்பை முழுசா வரும்."

"மரம்?"

"பிழைக்காது." அவருக்கும் கண் கலங்கியது. "இன்னும் யோசிங்க. நான் யார்கிட்டயும் பிடுங்கிட்டு வருத்தப்பட்டதில்ல, இதுக்கு வருத்தப்படுவேன்."

யோசித்துவிட்டேன். ஒரு மனிதன் தன் சொந்த மைத்துனனைத் திருடன் என்று பேசவிட்டு, வாசல் மேஜையில் மரத்தை வைத்து மாலை போட்டுக்கொள்ள முடியாது. நாளைக் காலை அறுத்துவிடுகிறேன். ரம்பத்தைத் தீட்டி வைத்தாகிவிட்டது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லாத குறையை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த மூன்று வருடம் அந்தக் குறை எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் எழுத முடிகிறது. கோப்பையைத் துடைத்து, பஞ்சு சுற்றி, பார்சலில் அனுப்புகிறேன். பழுப்பாக மரப்பால் கறை இருந்தால் மன்னித்துக்கொள். ஸ்ட்ரைக்கரிடம் கொடுக்கும்போது தலை நிமிர்ந்து கொடு.

உனக்கும் உன் மனைவிக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். அடுத்த வருடம் உன் கை பட்ட காயெல்லாம் குழிக்குள் விழட்டும்.

இப்படிக்கு,
கனத்த மனதுடன்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: உறைக்குப் பசை கேட்கப் போனேன். உன் அக்கா, "குடுங்க, எழுத்துப்பிழை பாக்கறேன்" என்று வாங்கி நின்றபடியே முழுதும் படித்தாள். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, சமையலறைப் பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கி என் மடியில் வைத்தாள். உள்ளே உன் கேரம் கோப்பை, நீ உன் கையால் எழுதி ஒட்டிய சீட்டோடு, புத்தம் புதிதாக மின்னுகிறது. உச்சியில் ஸ்ட்ரைக்கர் அளவுக்கு ஒரு வட்டம் வேறு.

"அப்போ அது யாரோடது?" என்றேன்.

"என்னோடது. காலேஜ்ல நூறு மீட்டர் ஓட்டம், முதல் பரிசு."

"நீ ஓடுவியா?"

"கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம் ஆச்சு. நீங்க கேக்கல."

வீட்டில் சும்மா கிடந்தது என்று மூன்று வருடமாகச் சங்கத்தில் பீற்றிக்கொண்டிருந்தேனே மாப்பிள்ளை! எடுத்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா, மன்னிச்சிக்கோன்னு துடைச்சு, திரும்ப அலமாரி மேல பெட்டிக்குப் பின்னாலதானே வெச்சிருப்பீங்க?" என்றாள். அப்படித்தான் செய்திருப்பேன்.

ரம்பத்தை உள்ளே வைத்தாகிவிட்டது. உன் கோப்பை இன்றே பார்சலில் வருகிறது. டாக்டர் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். கண்காட்சி அட்டையில் தாங்குவது என்ற இடத்தில் பழைய கோப்பை என்று நான் எழுதியிருந்ததை உன் அக்கா பார்த்தாள், பார்த்த பார்வையில் நானே அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன், நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளே பசை தடவிவிட்டாள். உன்னிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அலமாரியின் மேல் இன்னும் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தால் உடனே பதில் போடு. அவளிடம் நானாகக் கேட்பதற்குள் கொஞ்சமாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.