நீரோ தீயணைப்புக் கருவிகள்

கடைத் திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் மருமகள் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தாள். மேலே பெரிதாக 'நீரோ'. கீழே சிறிதாக 'தீயணைப்புக் கருவிகள்'.

வரலாற்று வாத்தியாரான கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ரோம் ராஜா பேரு. ஊரே பத்தி எரிஞ்சப்போ உக்காந்து பிடில் வாசிச்சான்னு சொல்லுவாங்களே, அவன்தான். அப்பாவுக்கு வேற பேரே கிடைக்கலையா?"

மாமனார் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல்முறையாகக் கடைப் பொறுப்பை அவளிடம் விட்டுப் போயிருந்தார். போன் செய்தாள்.

"போர்டு பாத்தியாம்மா? ஒரு வாரம் யோசிச்சு வச்ச பேரு. எப்படி இருக்கு?"

"பிரமாதம் மாமா," என்றாள். போனை வைத்தபோது, அந்தப் பெயரிலேயே கடையை ஓட்டிக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தாள்.

பெயருக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது. ஏணி போட்டு ஏறி, 'ரோம் எரிந்தபோது நாங்கள் இல்லை' என்று எழுதினாள்.

மாலையில் விசாரிக்க வந்த லாட்ஜ் மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். "எரியறப்போ நீங்க இருக்க மாட்டீங்கன்னு நீங்களே எழுதிட்டீங்களேம்மா," என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அழித்தாள். அதே இடத்தில் ராஜாவை வரைந்து, பிடிலுக்குப் பதில் தீயணைப்புக் கருவியைக் கையில் கொடுத்தாள்.

எதிர்க்கடைத் தையல்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரும்மா இது, பெட்ரோல் கேனோட?"

"படம் எப்படி இருந்தா என்ன, சரக்கு பேசும்," என்றவள், மறுநாள் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொளுத்திக் கருவியை அமுக்கினாள். தீ நொடியில் அணைந்தது. வெள்ளைப் பொடிதான் அடங்கவில்லை. தெருவைத் தாண்டிப் போய், தையல்காரர் தேய்த்து மாட்டியிருந்த பதினொரு கறுப்புக் கோட்டுகளின் மீதும் இறங்கியது.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? பேரை மாத்திடேன்," என்றார் அவர், கோட்டை உதறிக்கொண்டே.

"எங்க மாமா வச்ச பேரு. யார் சிரிச்சாலும் மாத்த மாட்டேன்," என்று அவளும் ஒரு கோட்டை எடுத்து உதறினாள்.

திறப்பு நாள் காலை, ஏணியும் டப்பாவுமாக ஒருவர் வந்து நின்றார். பலகை எழுதிய பெயிண்டர்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, நாலு நாளா காய்ச்சல், வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். இந்த ராஜாவ அழிச்சுடட்டுமா? 'நீரோட்டம்'ல 'ட்டம்' எழுத இடம் வேணும்."