மில்லிக்கன் வீட்டுச் சுவரில் மான்வேட்டை

அன்புள்ள தங்கச்சி ரதிக்கு, ரொறன்ரோ, மில்லிக்கனிலிருந்து அண்ணன் இராஜரட்ணம் எழுதிக்கொள்வது. பனியையும் வரியையும் தவிர இங்கு ஒரு குறையுமில்லை. உன் சுகத்துக்கும் உன் முழங்காலுக்கும் கந்தனை வேண்டுகிறேன்.

நிற்க. இங்கு என்னோடிருக்கும் உன் மகள் துர்க்காவின் கலியாணத்தை, அண்ணன் தனியாளாய் நின்று, ஒரேயொரு படத்தைக் கொண்டு முடித்துவிட்டேன் என்பதை அறியத்தருகிறேன்.

மாப்பிள்ளை மிதுனன்ரை தகப்பன் விநாயகமூர்த்தி கோயில் தர்மகர்த்தா. உள்ளிகூடத் தொடாத சைவம். அப்பேர்ப்பட்டவர் மோர்னிங்சைட்டிலையிருந்து பொம்பிளை பாக்க வரேக்கை எங்கட சுவர் வெறுஞ்சுவராய் இருக்கலாமோ? முதல்நாள் பழஞ்சாமான் விக்கிற ஒரு கராஜ் சேலிலை, பிரபு வம்சம் எண்டு முகத்திலேயே எழுதியிருந்த வெள்ளைக்காரக் கிழவி, தன்ரை பரம்பரைச் சொத்தைக் கண்ணீரோடை என்ரை கையிலை தந்தா. ஆறடிப் படம். சிவப்புக் கோட்டுப் போட்ட இங்கிலாந்துத் துரைமார் குதிரையிலை வேலி பாயினம்; முன்னுக்கு நாய்ப்பட்டாளம்; ஆத்துக்குள்ளை ஒரு கலைமான் கொம்பை நிமித்திக்கொண்டு நிக்குது. சுவரிலை கொழுவினன், வீடு மாளிகையாப் போச்சு.

வந்த மனுசன் தேத்தண்ணியைத் தொடமுதல் "உவை ஆர்?" எண்டு கேட்டார். என்ரை வாய் சும்மா கிடக்குமோ? "மூண்டாவது குதிரையிலை மீசையோடை இருக்கிறவர் எங்கட அப்பு. லண்டனுக்குக் கூப்பிட்டுப் படம் கீறினவங்கள். இரத்தத்திலை வாறது, நானும் ஏறுவன்" எண்டன். அப்பு சைக்கிளாலையே விழுந்தவர் எண்டு நீ சொல்லுவாய். நீ அப்ப தொட்டிலிலை கிடந்தனீ, உனக்கென்ன தெரியும்?

அவற்றை முகம் கறுத்துப்போச்சு. "மூண்டு தலைமுறையாய் மீன்மணமே தெரியாத குடும்பம் எண்டியள். அப்ப பிடிச்ச மானை என்ன செய்தவை, பூசையோ?" அவற்றை மனுசி வெளிக்கிடக் கைப்பையைத் தூக்கினா. குசினி வாசலிலை தட்டோடை நிண்ட துர்க்கா என்னைப் பாத்த பார்வை, படத்திலை மான் நாயைப் பாத்த அதே பார்வை.

"பூசைதான் அண்ணை!" எண்டன். "உது அவையின்ரை வேட்டைத் திருவிழா. எங்கட சாமி குதிரை வாகனத்திலை வேட்டைக்குப் போறேல்லையோ? போய் இறைச்சியோ காய்ச்சினவர்? அதுமாதிரித்தான். மானைக் கலைச்சுப் பிடிச்சு, மாலை போட்டு, வண்டிலிலை ஏத்தித் திருப்பி வீட்டை கொண்டுபோய் விடுவினம்."

அவர் கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு கிட்டப் போனார். நான் கந்தனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தன்.

"ஓம், ஒருத்தற்றை கையிலையும் துவக்கில்லை" எண்டார். "கொம்பு ஊதுறான் ஒருத்தன். மேளகாரர் எங்கை?"

"பின்னாலை வருகினம். படத்திலை இடம் காணாது."

மனுசி கன்னத்திலை போட்டுக்கொண்டா. மிதுனனும் துர்க்காவும் உதட்டைக் கடிச்சுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பாத்தினம். "திருவிழா தெரிஞ்ச குடும்பம்" எண்டு சொல்லி விநாயகமூர்த்தி கை குடுத்தார். ஆவணியிலை கலியாணம். எல்லாருக்கும் சொல்லு, பலகாரம் சுடு.

உங்கள் எல்லாருக்கும் என் ஆசி; உன் ஆட்டுக்குட்டிக்கும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
குலம் காத்த அண்ணன்
இராஜரட்ணம்

பி.கு.: ஒருத்தருக்கும் சொல்லாதை, பலகாரமும் சுடாதை. கடிதத்தை ஒட்டமுதல் விநாயகமூர்த்தி போன் எடுத்தார். இந்தமுறை கோயில் வேட்டைத் திருவிழாவுக்கு உயிர்க்குதிரை ஒண்டு பிடிச்சிருக்காம். அதிலை நான் அப்புவைப்போலச் சிவப்புக் கோட்டோடை சாமிக்கு முன்னாலை வரவேணுமாம். அதைப் பாத்த பிறகுதான் நாள் வைப்பினமாம். குதிரையிலை எந்தப் பக்கத்தாலை ஏறுறது எண்டு ஆரையும் கேட்டு உடனை எழுது. அப்பு சைக்கிளின்ரை எந்தப் பக்கத்தாலை விழுந்தவர் எண்டதையும்.