பயணம் சொன்ன பிறகு

பேரன்புள்ள மஸூத் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் அஜ்மல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கும் என் சலாம். இங்கு அத்தா, அம்மா, தங்கை சைமா மூவரும் நலம். நான் இங்கு இல்லை என்பதால் என் நலத்தை யாரும் விசாரிப்பதில்லை.

உறையின் மேல் பூந்தமல்லி முத்திரையைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். தபால்காரர் மேல் தவறில்லை. நான் புனேயில் இல்லை. போகவே இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெகதீசன் அங்கிள் இருக்கிறார். வேலைக்காலம் முழுக்க ஆவடித் தொழிற்சாலை இரைச்சலில் கழித்தவர். காது மட்டும் கெடவில்லை.

நடந்தது இது. புனே வேலைக்கான கடிதத்தின் கடைசிப் பத்தியில், இடம் மாறும் செலவை முதலில் நானே பார்த்துக்கொள்ள வேண்டும், சேர்ந்த பிறகு நிறுவனம் திருப்பித் தரும் என்று இருந்தது. சேரப் பணம் வேண்டும். பணம் வரச் சேர வேண்டும். குமணன்சாவடிக் கடையில் ஆட்டோ சீட்டுக்கு ரெக்ஸின் தைத்தபடியே அத்தா இதைக் கேட்டார். "கடன்லாம் வாணாம்டா. ஊருக்குப் போறேன்னு வூடு வூடா போயி பயணம் சொல்லு. வழிச்செலவுக்குன்னு கையில வெப்பாங்க. நான் எத்தினி பேருக்கு வெச்சிகீறேன்."

சொன்னேன் மாமா. பாரிவாக்கம் வரை போய்ச் சொன்னேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டாக அம்மா கொடுத்தனுப்ப, நான் போய் உட்கார, அவர்கள் அதே பிஸ்கட்டைப் பிரித்து எனக்கே தட்டில் வைக்க, டீ வர, எனக்காகக் கையேந்தித் துஆ செய்ய, எழுந்து வாசலுக்கு வரும்போது உள்ளங்கையில் மடித்த நோட்டு ஒன்று திணிக்கப்பட, இப்படியே தெருத் தெருவாக ஒரு வாரம், யாரிடமும் கேட்காமல், எல்லோரிடமும் வாங்கினேன். ஜெகதீசன் அங்கிள் தன் பழைய சூட்கேஸைக் கொடுத்தார். நீங்கள் ஆம்பூரிலிருந்து கறுப்பு ஷூ அனுப்பினீர்கள். ஃபஸீலா சாச்சி கடைசி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். "கண்ணாடி மாத்தலாம்னு வெச்சிருந்தது. அது கெடக்குது. எய்த்து கூட்டியா படிக்கப்போறேன்? நீ போய் சேரு, அது போதும்." வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன்.

வழியனுப்பப் பாதித் தெரு குமணன்சாவடி நிறுத்தத்துக்கு வந்தது. சென்ட்ரலுக்குப் போகும் பஸ். கையசைத்தேன். வேலப்பன்சாவடி தாண்டவில்லை, மின்னஞ்சல் வந்தது. சேரும் தேதி தள்ளிவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். வருந்துகிறோம்.

அவர்களும் வருந்துகிறார்கள். அது ஒரு ஆறுதல்.

இறங்கினேன். அத்தாவுக்குத் தெரிந்த கஜபதி அண்ணனின் ஆட்டோவில், இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தேன். வழியனுப்பியவர்கள் எனக்குப் பிறகுதான் தெருவுக்குத் திரும்பினார்கள்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். அத்தா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "துஆ கேட்டு வாங்கினத திருப்பிக் குடுப்பியா? அது அவுங்க மூஞ்சில அடிக்கிறது. பேசாம உள்ள கெட." திருப்பிக் கொடுக்க மிச்சமும் இல்லை. புனே விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று. அங்கே ஒரு கட்டில் என் பெயரில் காலியாகக் கிடக்கிறது. இங்கே என் கட்டிலில் இஸ்திரி போட வேண்டிய துணி.

உள்ளறையில் இருக்கிறேன். ஜன்னல் மூடியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஷூ சரியாகப் பொருந்துகிறது. நடந்து பழகலாம் என்றால் சத்தம் கேட்கிறதென்று அம்மா கழற்றச் சொல்கிறாள். எனக்குத் தும்மல் வந்தால் சைமா தானும் ஒரு முறை தும்முகிறாள்.

போன வாரம் சாச்சி போன் செய்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

"அஜ்மலு, அங்க இன்னா துன்ற?"

"சப்பாத்தி சாச்சி."

"குளுருதா?"

மே மாதம். வியர்வை காதுக்குள் ஓடியது. "ஆமா சாச்சி, ரொம்ப."

அப்போது பழைய இரும்பு வாங்கும் வண்டி ஒலிபெருக்கியோடு எங்கள் தெருவில் நுழைந்தது. அது போனில் சாச்சிக்கும் கேட்டுவிட்டது.

"இப்பத்தான் இங்கேந்து போனான். அங்கயும் வந்துட்டானா?"

"இங்க தமிழாளுங்க நெறைய சாச்சி."

"நல்லது. ஒடம்பப் பாத்துக்கோ."

சாச்சியின் கண்ணாடி இன்னும் நூலில்தான் நிற்கிறது என்று சைமா சொல்கிறாள். சம்பளம் வந்தால் முதலில் அதுதான் என்று நினைத்திருந்தேன். புதிய தேதி வரவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஷூக் கடையின் பரணில் எனக்கு ஓர் இடம் கொடுங்கள். பெட்டிகள் அடுக்குகிறேன். புனே இல்லாவிட்டாலும் ஆம்பூர். ஊரில் இல்லை என்பதாவது உண்மையாகும். நான் ஏமாற்றியது இந்த ஓர் ஊரைத்தான். அந்தப் பொய்யைக் கொஞ்சமாவது குறைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. எனக்காகவும் துஆ செய்யுங்கள். வழிச்செலவு வேண்டாம்.

இப்படிக்கு,
அஜ்மல்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஃபஸீலா சாச்சி வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மாவிடம் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்தார். "கறிக்கொழம்பு. புனேல கீற புள்ளைக்குக் குடு. சப்பாத்தியா துன்னுகினு கீதாம்."

கஜபதி அண்ணன் அன்றே எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். தெருவுக்கே தெரியும். ஜெகதீசன் அங்கிள் என் தும்மலை மறைக்கத்தான் டிவியைச் சத்தமாக வைக்கிறாராம். உங்களுக்கும் தெரியுமென்று அம்மா இப்போதுதான் சொல்கிறாள். ஷூ பொருந்தியதா என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்காதது அதனால்தான் போல. பரண் வேண்டாம். மேலே எழுதியது எதுவும் உங்களுக்குப் புதிதில்லை. தபால்தலை ஒட்டியாயிற்று, வீணாக்காதே என்கிறார் அத்தா.

நான் வெளியே வரவில்லை. சாச்சியும் உள்ளே பார்க்கவில்லை. தேதி வந்தால் மறுபடி வீடு வீடாகப் பயணம் சொல்ல வேண்டுமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

சாச்சி செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னாத்துக்கு? அதான் சொல்ட்டான்ல. சொன்னது சொன்னதுதான், கெட்டா பூடும்?"

குழம்பு சூடாக இருந்தது.