பால்கோவா தின்ற டர்போ

என் மனைவி சத்யப்பிரியா ரத்தம் எடுப்பதில் கெட்டிக்காரி. தப்பாக நினைக்க வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ஊசி ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. கல்யாணமான நாள் முதல் என் விஷயத்திலும் அப்படித்தான்.

எனக்குச் சர்க்கரை. ஊரோ பால்கோவா ஊர். மடவார் வளாகம் தெருவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் கடைக்குக் கடை பால் சுண்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டுகூட நடந்துவிடலாம். மூக்கை என்ன செய்வது?

சர்க்கரைக்கு இரண்டு பரிசோதனை உண்டு. ஒன்று, முந்தின நாள் பட்டினி கிடந்தால் ஏமாற்றிவிடலாம். மற்றது, மூன்று மாதம் தின்றதையெல்லாம் சேர்த்து வைத்துக் கோள் சொல்லும். என் மனைவி செய்தது இரண்டாவது. முடிவு வந்த அன்று அவள் சத்தம் போடவில்லை. அரிசி டிரம், பரண், ஸ்கூட்டர் பெட்டி, என் மில் பை எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கன ஒளிச்சு வச்சுத் திங்கியன்னு சொல்ல மாட்டிய. அப்படித்தான?"

"நான் எங்க தின்னேன்?"

"சரி. நானாக் கண்டுபிடிச்சேன்னா அந்த இடம் எனக்கு. அலமாரியோ அண்டாவோ, பொறவு உங்களுக்கு அதுல பாத்தியதை கிடையாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் அந்த இடம் என் கார்.

அதைக் கார் என்று சொல்வதே எனக்குக் கூச்சம். ஜப்பானில் பிறந்த சிவப்பு ரதம். இரண்டே கதவு. வயது இருபத்தைந்துக்கு மேல். ராஜபாளையத்தில் ஒரு மில்காரர் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதே ஊர் மில்லில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருக்கும் சிவபாண்டியாகிய நான், பிள்ளை பெற்றவன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கென்று ஒரு சின்னக் கார் இருக்கிறது, அதைச் சத்யப்பிரியா ஓட்டுவாள். இதில் மட்டும் ஏற மாட்டாள். இதில் உட்காருவதும் கிணற்றில் இறங்குவதும் ஒன்று என்பாள். ஆக, அவள் கை படாத இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

பானட்டைத் திறந்தால் ஒரு கறுப்புப் பெட்டி. என்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அதற்குள் குடியிருந்தது. நான் ஃபில்டரைக் காலி செய்ய வைத்து, பால்கோவாவைக் குடியேற்றினேன். கூடவே கடையில் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்பூன். மில்லுக்குப் போகும் வழியில் ஓரமாக நிறுத்துவேன். மேற்கே மலை, கையில் ஸ்பூன். என்ஜின் சூட்டில் பால்கோவா அப்போதுதான் இறக்கியது போல இளகியிருக்கும். அந்தச் சுகத்தைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது.

ஒரு நாள் காலை. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். முன்னால் ஏதோ கீச்சென்றது. வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலப் புகை. புகையில் லேசாக இனிப்பு வாசனை. ராஜபாளையம் நாய் ஒன்று பக்தியோடு கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது.

தென்காசி ரோட்டில் மெக்கானிக் பெலிக்ஸ் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் வைத்து வண்டியை இழுத்துக்கொண்டு போனேன். பெலிக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி டர்போவை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். அதுவரை டர்போ என்றால் எனக்குக் காரின் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துதான். இது ஒரு பெரிய நத்தைக் கூடு. ஒரு பக்கம் என்ஜின் துப்பும் புகை வந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் மறுபக்கம் இன்னொரு சக்கரம், அது வெளிக் காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கிறது. வீணாய்ப் போகிற புகையை வைத்தே வேலை வாங்குகிறான், இதைக் கண்டுபிடித்தவன். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று. அந்தப் பக்கம் தணலாகச் சிவக்கும், இந்தப் பக்கம் உள்ளங்கை அகலத்தில் பூ மாதிரி இதழ்கள். நடுவில் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. மனுசன் மூளைக்குக் கோயில் கட்டலாம்.

என் பூவில்தான் இதழ்கள் எல்லாம் கடித்துத் துப்பியது போல இருந்தன. பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. இடுக்கியை விட்டு பெலிக்ஸ் எதையோ உருவினார். ஸ்பூனின் முன்பாதி.

"சார், ஃபில்டரைக் காணோம். ஸ்பூன் இருக்கு. என்ன சார் இது?"

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வீட்டுக்காரி வந்து கேட்டாலும் டர்போவுக்கு வயசாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பெலிக்ஸ் நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். புது டர்போ கோயமுத்தூரிலிருந்து வரும் என்றார்.

வீட்டிலும் டர்போவுக்கு வயசாகிவிட்டது என்றே சொன்னேன். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். மறுநாள் துணி துவைத்துக்கொண்டே அவள் சொன்ன பதில் என்னைத் திகைக்க வைத்தது. வயசாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதானே, மாட்டுகிற அன்று நானும் வாரேன், அந்த அதிசயத்தை நானும் பார்க்கணும் என்றாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் காரை அதிசயம் என்றிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். புது டர்போவைக் கையில் ஏந்தி, விரலால் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. அவள் கண் விரிந்தது. ஓடி வந்து உடனே என்ஜினை அணைக்கக் கூடாது, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அதைச் சூடு ஆறவிட வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"இதுக்குள்ள வேண்டாதது எதும் போயிட்டா?"

"தூசி போனாக்கூடத் தெரிஞ்சிரும். உள்ள போனது எதுவா இருந்தாலும் தடம் விடாமப் போகாது. இதுகிட்ட ஒண்ணையும் மறைக்க முடியாது."

"ஓ. ரத்தம் மாதிரி."

"அதேதான்" என்றேன். எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறாள் என்று வியந்தேன்.

பழைய துணுக்கு ஏதாவது உள்ளே தங்கியிருந்தால் புது டர்போவும் போய்விடும், அதனால் காற்று போகும் குழாய்களை எல்லாம் கழுவ வேண்டும் என்றார் பெலிக்ஸ். அவருக்குக் கை ஒழியவில்லை. டெஸ்ட் டியூப் கழுவி எனக்குப் பழக்கம், நான் செய்கிறேன் என்று சத்யப்பிரியா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ரப்பர் குழாய்கள் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்?

பெலிக்ஸ் டர்போவை மாட்டி, அதன் வாயில் குழந்தைக்குச் சங்கில் மருந்து ஊற்றுவது போல எண்ணெய் ஊற்றினார். பெட்ரோலைத் துண்டித்துவிட்டு என்ஜினை வெறுமே சுற்றவிட்டார். எண்ணெய் போய்ச் சேருமுன் கிளப்பினால் புதுசும் அந்த நிமிஷமே பாழாம். கறுப்புப் பெட்டியில் புது ஃபில்டர் ஏறியது. பால்கோவாவுக்கு இனி எந்த வீடு பார்ப்பது என்று எனக்கு ஒரு கவலை. அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினார்.

விசில். மெல்லிய, ஒரே சீரான விசில். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் பார்த்தால் சத்யப்பிரியாவும் சிலிர்த்த கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்தே அய்யனார் கோவில் பக்கம் போகலாம் என்று அவளே சொன்னாள். கிணற்றில் இறங்குவது போலத்தான் காரில் இறங்கினாள், ஆனால் முனகவில்லை. மலை நெருங்க நெருங்க நான் மிதித்தேன். வண்டி ஒரு கணம் யோசித்தது. அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளியது. "யம்மா, எம்புட்டு வேகம்" என்றாள். வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் அதுதான் என்று நினைத்தேன்.

அடிவாரத்தில் நிறுத்தினேன். முறைப்படி ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். முளைகட்டிய வெந்தயம்.

"ஸ்பூன்?"

"இருக்கே" என்றாள். லேபில் சாம்பிள் பிடிக்கும் சின்னக் குப்பி ஒன்றை எடுத்தாள். உள்ளே ஒரு ஸ்பூன் கைப்பிடி. வெறும் பின்பாதி.

"ரப்பர் குழா வளைவுல இருந்துச்சு. முன்பாதி சட்டைப் பையில இருந்ததை அன்னைக்குத் துவைக்கிறப்பவே பாத்து எடுத்து வச்சுட்டேன். அதான் நானும் வாரேன்னேன். ரெண்டும் பொருந்துது."

"பெலிக்ஸ் சொன்னாரா?" என்றேன்.

"அவரு பாவம், வாயே தொறக்கல. நீங்கதான் சொன்னிய. உள்ள போனது தடம் விடாமப் போகாதுன்னு."

மலையைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. டர்போவைக் கண்டுபிடித்தவன் மூளைக்குக் கோயில் கட்டலாம் என்று சொன்னேன் இல்லையா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கட்டினால் இவளுக்குத்தான் கட்ட வேண்டும். அவள் கையை நீட்டினாள். கண்டுபிடித்த இடம் அவளுக்கு, வார்த்தை என்றால் வார்த்தை. சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, வெந்தயத்தைக் கையால் அள்ளித் தின்றேன். கசந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அவள்தான் ஓட்டினாள். விசில் ஓயவே இல்லை. நான் இத்தனை காலத்தில் ஒரு நாளும் அந்தக் காரை அவ்வளவு அழகாக ஓட்டியதில்லை என்பதையும் மனசாரச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வாசலில் நிறுத்தியவள் என்ஜினை உடனே அணைக்கவில்லை, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டாள். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.